'சார், சைட் ஓபன் ஆகல!' பள்ளி லேப்பில் பாடம் இருக்கும் வெப்சைட்டே பிளாக் ஆவது ஏன்? சரிசெய்வது எப்படி?

பிளஸ் டூ தாவரவியல் புத்தகத்தின் முதல் பாடமே தாவரங்களின் இனப்பெருக்கம்தான். அந்தத் தலைப்பை ஆங்கிலத்தில் டைப் செய்து பள்ளி கம்ப்யூட்டரில் தேடினால், சில இடங்களில் பாடத்துக்குப் பதில் 'இந்தப் பக்கத்துக்கு அனுமதி இல்லை' என்ற எச்சரிக்கைதான் வரும். மாணவர் தப்பாக எதையும் தேடவில்லை. ஆசிரியரும் தப்பான முகவரி கொடுக்கவில்லை. நடுவில் நிற்கும் ஒரு மென்பொருள், தலைப்பில் இருக்கும் ஒரே ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டது.

சென்னை மாதிரி ஊரில் இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். பையன் வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் பார்த்துக்கொள்வான். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம் அப்படி இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் பாத்தி பாத்தியாக உப்பளம், அந்தப் பக்கம் மீனவர் குப்பங்கள். வீட்டுக்கு ஒரே ஒரு போன், அதுவும் பகலில் உப்பளத்துக்கோ கடலுக்கோ போகிறவர் கையில் என்றால், பெரிய திரையில் பாடம் பார்க்கப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே இடம் பள்ளி லேப்தான். அங்கேயும் பிளாக் என்றால், புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்த மாதிரிதான்.

தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்கப்பட்டது. வீடியோ பாடம், ஆன்லைன் மதிப்பீட்டுத் தேர்வு, எமிஸ் தளத்தில் பதிவேற்றம், ஸ்காலர்ஷிப், கல்லூரி விண்ணப்பம் என்று லேப்புக்கு இப்போது வேலை அதிகம். அதனால் ஒரு சைட் ஏன் திறக்கவில்லை, யாரிடம் என்ன சொன்னால் திறக்கும் என்பதை ஆசிரியர்கள் மட்டுமல்ல, மாணவர்களும் பெற்றோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ப்ராக்ஸி என்றால் என்ன?

ப்ராக்ஸி என்பது பள்ளி கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி. லேப்பில் உள்ள கம்ப்யூட்டர் எதுவும் நேரடியாக இன்டர்நெட்டுக்குப் போகாது. 'இந்த சைட் வேண்டும்' என்று ப்ராக்ஸியிடம் கேட்கும். ப்ராக்ஸி தன் கையில் இருக்கும் பட்டியலைப் பார்க்கும். அனுமதி இருந்தால் தானே போய் அந்தப் பக்கத்தை வாங்கிவந்து கொடுக்கும். இல்லையென்றால் கேட்டிலேயே நிறுத்திவிடும்.

இந்தத் தடுக்கும் வேலைக்குப் பெயர் ஃபில்டர். சில பள்ளிகளில் தனி சர்வர் இதைச் செய்யும். சில இடங்களில் ரவுட்டரோ ஃபயர்வாலோ செய்யும். இன்னும் சில இடங்களில், வெப்சைட் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையே 'அப்படி ஒரு சைட் இல்லை' என்று சொல்லித் தடுத்துவிடும்.

ஃபில்டர் தேவையா என்றால், தேவைதான். ஆபாசப் பக்கங்கள், சூதாட்ட விளையாட்டுகள், பண மோசடி லிங்க்குகள், வைரஸ் ஃபைல்கள் எல்லாம் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் திரைக்கு வராமல் பார்ப்பது பள்ளியின் பொறுப்பு. அது யாரைத் தடுக்க வேண்டும் என்று தெரியாமல் தடுக்கும்போதுதான் பிரச்சினை.

நல்ல சைட்டை ஏன் தடுக்கிறது? 5 காரணங்கள்

1. சொல்லைப் பார்த்துத் தடுப்பது

பழைய, எளிய முறை இது. சில கெட்ட வார்த்தைகளைப் பட்டியலில் போட்டுவிட்டால், முகவரியில் அந்த எழுத்துகள் எங்கே வந்தாலும் ஃபில்டர் நிறுத்திவிடும். வார்த்தைக்கு நடுவில் வந்தாலும் அதற்குத் தெரியாது.

1996-ல் ஏஓஎல் நிறுவனத்தின் ஃபில்டர், இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்கள் கணக்குத் தொடங்கவே விடவில்லை. ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு வசவுச் சொல் ஒளிந்திருந்ததுதான் காரணம். இன்றுவரை இந்தக் கோளாறுக்கே 'ஸ்கன்தார்ப் பிரச்சினை' என்று பெயர். சசெக்ஸ், எசெக்ஸ் என்று முடியும் ஊர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இதே கதிதான்.

நம்ம ஊரிலும் உதாரணம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் பெயரை ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதுவதுபோல எழுதிப் பாருங்கள். நடுவில் நான்கெழுத்துக் கெட்ட வார்த்தை ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹர்ஷிதா, ரக்‌ஷிதா என்று பெயர் வைத்த மாணவிகளுக்கும் இதே தொல்லைதான். தன் பெயரை டைப் செய்து கணக்குத் தொடங்கப் பார்த்தால் 'தகாத சொல்' என்று வரலாம்.

மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அக்கம்பக்கத்துப் பள்ளி மாணவர்கள் பறவைகளைப் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டாணிக்குருவியின் ஆங்கிலப் பெயரே பல ஃபில்டர்களின் கறுப்புப் பட்டியலில் இருக்கும் மூன்றெழுத்துச் சொல். பாவம், குருவி என்ன செய்யும்?

2. வகையை வைத்துத் தடுப்பது

இப்போதைய ஃபில்டர்கள் லட்சக்கணக்கான சைட்களை 'கல்வி', 'விளையாட்டு', 'சமூக வலைதளம்', 'சூதாட்டம்' என்று வகை பிரித்து வைத்திருக்கும். இந்தப் பட்டியலைத் தயாரிப்பது வெளி நிறுவனங்கள். பெரும்பாலும் மென்பொருள்தான் வகை பிரிக்கும். கணித விளையாட்டு சைட் 'கேம்ஸ்' வகையில் போய்விடும். புற்றுநோய் விழிப்புணர்வுப் பக்கம் 'ஆபாசம்' வகையில் விழுந்துவிடும்.

'வகைப்படுத்தப்படாதவை' என்று ஒரு பெட்டி இருக்கும், கவனிக்க வேண்டியது அதைத்தான். புதிதாகத் தொடங்கிய சைட், அதிகம் பேர் பார்க்காத சின்ன தமிழ் சைட் எல்லாம் இங்கேதான் கிடக்கும். அந்தப் பெட்டியை மொத்தமாகப் பிளாக் செய்து வைத்திருந்தால், ஒரு தமிழாசிரியர் தன் மாணவர்களுக்காக நேற்று தொடங்கிய சைட்டும் சேர்ந்து அடைபட்டுவிடும்.

3. ஒரு பக்கத்துக்காக மொத்த சைட்டையும் மூடுவது

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2012-ல் 'கொலவெறி' பாட்டால் பேசப்பட்ட '3' படம் திருட்டுத்தனமாக இணையத்தில் பரவாமல் இருக்க, சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கப்பட்டது. அதைக் காட்டி இன்டர்நெட் நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற சைட்களையே மொத்தமாக மூடின. படத்துக்குச் சம்பந்தமே இல்லாத லட்சக்கணக்கான பக்கங்களும் சேர்ந்து போயின. பிறகு 2012 ஜூனில், 'படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும்தான் தடுக்க வேண்டும், முழு சைட்டை அல்ல' என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பள்ளி ஃபில்டரிலும் இதே கதைதான். ஒரு பிளாக்ஸ்பாட் பக்கம் தப்பாக இருந்தது என்று பிளாக்ஸ்பாட்டையே மூடினால், அதில் வினா வங்கி போடும் ஆசிரியர்களின் பக்கங்களும் காணாமல் போகும்.

4. ஒரே எண் முகவரியில் பல சைட்கள்

பெரிய அடுக்குமாடி ஒன்றுக்கு ஒரே டோர் நம்பர் இருப்பதுபோல, இன்று ஆயிரக்கணக்கான வெப்சைட்கள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஒரு மோசடி சைட்டைத் தடுக்க ஐபி முகவரியையே பிளாக் செய்தால், அதே கட்டடத்தில் குடியிருக்கும் நல்ல சைட்டுக்கும் வழி அடைபடும்.

5. பக்கம் வரும், வீடியோ வராது

ஒரு வெப் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து ஓரிடம், படம் வேறிடம், வீடியோ மூன்றாவது இடம். யூடியூப் பக்கம் ஒரு முகவரியில் இருக்கும். ஓடும் வீடியோ 'கூகுள்வீடியோ' என்ற இன்னொரு முகவரியிலிருந்து வரும். முதலாவதை அனுமதித்து இரண்டாவதை மறந்துவிட்டால், தலைப்பு தெரியும், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பாடத் தளத்துக்குள் பதித்த வீடியோ ஓடாமல் போகவும் இது ஒரு பொதுவான காரணம்.

யூடியூப்பில் குறிப்பிட்ட சில வீடியோ மட்டும் வரவில்லை, கமென்ட் பகுதியும் காணோம் என்றால், அது ப்ராக்ஸியின் தடையாக இருக்காது. யூடியூப்பின் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' ஆன் செய்யப்பட்டிருக்கும்.

தடை மாதிரி தெரியும், ஆனால் தடை இல்லை

'சைட் பிளாக் ஆயிருக்கு' என்று வரும் புகார்களில் பலவற்றுக்கும் ஃபில்டருக்கும் சம்பந்தமே இருக்காது. முதலில் பார்க்க வேண்டியவை இவை:

கம்ப்யூட்டரின் தேதி: இன்று பெரும்பாலான சைட்கள் ஹெச்டிடிபிஎஸ் பாதுகாப்பில் இயங்குகின்றன. ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு சான்றிதழ், அதற்கு ஒரு காலாவதித் தேதி. மதர்போர்டில் இருக்கும் நாணயம் மாதிரி சின்ன பேட்டரி தீர்ந்துபோனால், கரன்ட் நின்று வந்ததும் கம்ப்யூட்டரின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது எல்லா சைட்டும் 'பாதுகாப்பற்றது' என்றே வரும். தேதியைத் திருத்தினால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். பேட்டரியையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அடுத்த மின்வெட்டில் மறுபடியும் இதே கதைதான்.

கேபிள்: கடலோரப் பள்ளிகளுக்கு இது முக்கியம். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். நெட்வொர்க் கேபிளின் முனையோ சுவிட்சின் துளையோ அரித்திருந்தால், இணைப்பு வந்து வந்து போகும். சின்னப் பக்கம் திறக்கும், வீடியோ நிற்கும். பார்ப்பவருக்கு 'வீடியோவை பிளாக் பண்ணிட்டாங்க' என்று தோன்றும். ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் இப்படி என்றால், கேபிளை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ப்ராக்ஸியே ஓடவில்லை: எந்த சைட்டுமே திறக்கவில்லை என்றால் அது தடை இல்லை. ப்ராக்ஸி சர்வர் ஆஃப் ஆகியிருக்கலாம், அல்லது கம்ப்யூட்டரின் செட்டிங்கில் ப்ராக்ஸி முகவரி மாறியிருக்கலாம்.

சைட்டே படுத்துவிட்டது: ரிசல்ட் வெளியாகும் நாளில் அரசுத் தளங்கள் திணறுவது எல்லோரும் பார்த்ததுதான்.

திரையில் வரும் வாசகம் என்ன சொல்கிறது?

எரர் வந்ததும் மூடிவிடுவதுதான் பலரின் பழக்கம். ஆனால் பாதி விடை அந்த வரியிலேயே இருக்கிறது.

• ஃபில்டரின் பெயர், வகை, காரணம் எல்லாம் போட்டு ஒரு பக்கம் வந்தால்: இது ஃபில்டரின் தடைதான். எந்த வகையில் பிளாக் ஆனது என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

• '407' என்ற எண் வந்தால்: ப்ராக்ஸி யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கிறது. இது லாகின் பிரச்சினை.

• '403' என்றால்: அனுமதி மறுப்பு. மறுத்தது ப்ராக்ஸியாகவும் இருக்கலாம், அந்த வெப்சைட்டாகவும் இருக்கலாம்.

• '502', '504' என்றால்: ப்ராக்ஸி போய்க் கேட்டது, அந்தப் பக்கத்திலிருந்து சரியான பதில் வரவில்லை.

• 'டனல் கனெக்‌ஷன் ஃபெயில்டு' என்றால்: ஹெச்டிடிபிஎஸ் சைட்டை ப்ராக்ஸி மறுத்திருக்க வாய்ப்பு அதிகம். இதில் அழகான தடைப் பக்கம் எதுவும் வராது, வெறும் எரர்தான் வரும்.

• 'ப்ராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்டு' என்றால்: ப்ராக்ஸியையே தொட முடியவில்லை.

• 'என்எக்ஸ்டொமைன்' என்று வந்தால்: டிஎன்எஸ் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கவில்லை. முகவரியில் எழுத்துப்பிழை இருக்கலாம், டிஎன்எஸ் ஃபில்டரும் காரணமாக இருக்கலாம்.

• சான்றிதழ் எச்சரிக்கை என்றால்: முதலில் தேதியைப் பார்க்கவும். அது சரியென்றால் அடுத்த சாத்தியம் ப்ராக்ஸியின் சான்றிதழ். ஹெச்டிடிபிஎஸ் பக்கங்களைப் பிரித்துப் பார்க்கும் வகை ப்ராக்ஸி என்றால், அதன் சான்றிதழை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நிறுவியிருக்க வேண்டும். புதிதாக வந்த கம்ப்யூட்டரில் மட்டும் எச்சரிக்கை வருவதும், ஒரு பிரவுசரில் திறப்பது இன்னொன்றில் திறக்காததும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆசிரியர் 10 நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை

படி 1: அதே முகவரியை ஆசிரியரின் போனில், வைஃபையை ஆஃப் செய்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பார்க்கவும். அங்கும் திறக்கவில்லை என்றால் பள்ளி ஃபில்டர் மேல் பழி போட வேண்டாம். சைட் படுத்திருக்கலாம், அல்லது அரசு உத்தரவால் நாடு முழுக்கத் தடுக்கப்பட்டிருக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் வரும் அப்படிப்பட்ட தடையைப் பள்ளியோ லேப் நிர்வாகியோ நீக்க முடியாது.

படி 2: போனில் திறக்கிறது, லேப்பில் இல்லை. இப்போது லேப்பில் இன்னொரு கம்ப்யூட்டரில் பார்க்கவும். ஒன்றில் மட்டும் பிரச்சினை என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் தேதி, கேபிள், செட்டிங். எல்லாவற்றிலும் என்றால் ப்ராக்ஸி.

படி 3: இன்காக்னிடோ விண்டோவில் திறக்கவும். நேற்றைய தடைப் பக்கத்தையே பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு காட்டுகிறதா என்பது தெரிந்துவிடும்.

படி 4: அந்த சைட்டின் முகப்புப் பக்கம் திறக்கிறதா, குறிப்பிட்ட பாடப் பக்கம் மட்டும் இல்லையா? முகப்பே இல்லையென்றால் சைட் முழுவதும் தடை. பாடப் பக்கம் மட்டும் இல்லையென்றால் சொல் ஃபில்டரோ ஒரு துண்டு முகவரியோ காரணம்.

படி 5: முழு முகவரியையும் காப்பி செய்து, எரர் வாசகம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நேரத்தையும் குறித்துக்கொள்ளவும்.

இந்த ஐந்தாவது படியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். 'சார், நெட் வேலை செய்யல' என்ற ஒரு வரிப் புகாரை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

சர்வர் பக்கம் என்ன பார்க்க வேண்டும்?

இது லேப் நிர்வாகிக்கான பகுதி. ப்ராக்ஸி வழியாகப் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு லாக் ஃபைலில் பதிவாகும். 'ஸ்குவிட்' என்ற இலவச ப்ராக்ஸி மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் ஆக்சஸ் லாக்கில், மறுக்கப்பட்ட கோரிக்கைகள் 'டினைட்' என்ற சொல்லோடும் 403 என்ற எண்ணோடும் நிற்கும். எந்தக் கம்ப்யூட்டர் கேட்டது, எந்த முகவரியைக் கேட்டது என்பதும் அதே வரியில் இருக்கும். நேரம் மட்டும் 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய விநாடிகளாக இருக்கும். அதை மாற்றிப் பார்த்து, ஆசிரியர் சொன்ன நேரத்தோடு பொருத்தினால், சிக்கிய முகவரி பிடிபட்டுவிடும்.

அதற்குப் பிறகு அடிக்கடி நடக்கும் நான்கு தவறுகள் உண்டு.

விதியின் வரிசை: ஸ்குவிட் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் விதியோடு முடிவெடுத்துவிடும். மேலே 'தடு' என்று இருக்க, கீழே 'அனுமதி' என்று எத்தனை வரி சேர்த்தாலும் பயனில்லை. 'நான் அனுமதி குடுத்துட்டேன், ஆனா இன்னும் வரல' என்று சொல்லும் இடங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அனுமதி வரி தடை வரிக்கு மேலே இருக்க வேண்டும். மாற்றிய பிறகு ஸ்குவிட்டிடம் விதிகளை மறுபடி படிக்கச் சொல்லவும் வேண்டும்.

புள்ளி: முகவரிக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால், அதன் கீழ் வரும் எல்லாக் கிளை முகவரிக்கும் விதி பொருந்தும். எமிஸ், மணற்கேணி இரண்டும் 'டிஎன்ஸ்கூல்ஸ்' என்ற ஒரே அரசு முகவரியின் கிளைகள். தாய் முகவரியைப் புள்ளியோடு அனுமதித்தால் இரண்டும் திறக்கும். இதே வித்தையை பிளாக்ஸ்பாட்டுக்குச் செய்யக் கூடாது. அங்கே யார் வேண்டுமானாலும் கிளை தொடங்கலாம் என்பதால், வேண்டிய ஒரு கிளையை மட்டும் அனுமதிக்க வேண்டும்.

தமிழ் முகவரி: '.இந்தியா' என்று தமிழில் முடியும் முகவரிகள் உண்டு. ஆனால் லாக்கில் அது தமிழில் இருக்காது. 'எக்ஸ்என்' என்ற ஆங்கில எழுத்துகள், இரண்டு சிறு கோடுகள், பிறகு புரியாத எழுத்துக் குவியல் என்று வரும். பார்த்தவுடன் ஏதோ வைரஸ் சைட் என்று நினைத்துத் தடுத்துவிடக் கூடாது. தமிழ் விக்கிபீடியாவின் கட்டுரை முகவரிகளும் இப்படித்தான் சதவீதக் குறிகளாக மாறி நீளும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 9 எழுத்தாக விரியும். அதைத் தாங்காத அளவுக்கு முகவரி நீள வரம்பைக் குறைத்து வைத்திருந்தால் தமிழ்ப் பக்கம் மட்டும் உடையும்.

வெளிநாட்டு வழி: கிளவுடில் இயங்கும் சில ஃபில்டர்கள் வெளிநாட்டு சர்வர் வழியாகப் போகும். சில இந்திய அரசுத் தளங்கள் வெளிநாட்டு முகவரியிலிருந்து வருபவரை உள்ளே விடாது. அங்கே கதவைச் சாத்துவது ஃபில்டர் இல்லை, அரசுத் தளம்தான். அந்தத் தளங்களை மட்டும் ப்ராக்ஸியைத் தாண்டி நேரடியாகப் போகச் சொல்லிவிட்டால் போதும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஹெச்டிடிபிஎஸ் பக்கத்தைப் பிரித்துப் பார்க்காத ப்ராக்ஸிக்கு சைட்டின் பெயர் மட்டும்தான் தெரியும், உள்ளே எந்தப் பக்கம் என்பது தெரியாது. அதனால் அங்கே 'இந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுமதி' என்று விதி எழுத முடியாது. மொத்த சைட்டும் உள்ளே, இல்லையென்றால் வெளியே. இது தெரியாமல் நாள் முழுக்க மல்லுக்கட்டுபவர்கள் உண்டு.

புகாரை எப்படி எழுதுவது?

முதலில் லேப் பொறுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர் வழியாக, ஃபில்டரை யார் பராமரிக்கிறார்களோ அவர்களுக்குப் போக வேண்டும். வாய்வழியாகச் சொல்வதைவிட எழுத்தில் தருவது நல்லது. நான்கு வரி போதும்:

'பிளஸ் டூ தாவரவியல், முதல் பாடத்துக்கு இந்த முகவரி தேவை. செவ்வாய்க்கிழமை காலை 10.40-க்கு லேப்பின் 7-ஆம் எண் கம்ப்யூட்டரிலும் 8-ஆம் எண்ணிலும் தடுக்கப்பட்டது. அதே நேரத்தில் மொபைல் டேட்டாவில் திறந்தது. ஸ்கிரீன்ஷாட் இணைப்பு. வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன் அனுமதி தேவை.'

என்ன, எங்கே, எப்போது, எதற்கு, எந்தத் தேதிக்குள் என்ற ஐந்தும் இதில் இருக்கிறது. தடுத்தது வெளி நிறுவனத்தின் வகைப் பட்டியல் என்றால், வகையை மாற்றக் கோரும் படிவம் பல ஃபில்டர் நிறுவனங்களின் தளத்திலேயே இருக்கும். அதை நிரப்பினால் அதே பட்டியலைப் பயன்படுத்தும் மற்ற பள்ளிகளுக்கும் சேர்த்து அந்த சைட் திறக்கும்.

செய்யவே கூடாதவை

இலவச விபிஎன்: பாடம் திறக்கவில்லை என்றதும் மாணவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு சர்வர் வழியாக பாஸ்வேர்டும் ஓடிபியும் போகும். தவறான தடை ஒன்றைச் சரிசெய்யாமல் விட்டால், ஃபில்டரையே தாண்டும் பழக்கத்தைப் பள்ளியே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஃபில்டரை மொத்தமாக ஆஃப் செய்வது: 'இன்னைக்கு மட்டும்' என்று ஆஃப் செய்தது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு சைட்டுக்கு ஒரு விதிவிலக்கு எழுதுவதே சரி.

சான்றிதழ் எச்சரிக்கையைத் தாண்டிப் போவது: ஸ்காலர்ஷிப், வங்கிக் கணக்கு விவரம் தரும் பக்கங்களில் இதைச் செய்யவே கூடாது.

கெடுபிடியைக் கூட்டினால் பாதுகாப்பு கூடுமா?

அமெரிக்காவின் கைசர் ஃபேமிலி ஃபவுண்டேஷன் 2002-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஃபில்டரை மிகத் தளர்வாக வைத்தபோது 87 சதவீத ஆபாச சைட்கள் தடுக்கப்பட்டன. உடல்நலத் தகவல் தரும் நல்ல சைட்களில் 1.4 சதவீதம் மட்டுமே சிக்கின. மிகக் கடுமையாக வைத்தபோது தடுக்கப்பட்ட ஆபாச சைட்கள் 91 சதவீதம். ஆனால் சிக்கிய நல்ல சைட்கள் 24 சதவீதம்! அதாவது கூடுதலாகக் கிடைத்தது 4 சதவீதப் புள்ளி, நல்ல சைட்களில் ஏற்பட்ட இழப்போ 17 மடங்கு. பழைய ஆய்வுதான், ஃபில்டர்களும் மாறிவிட்டன. ஆனாலும் 'எல்லாத்தையும் டைட்டா வச்சிடுங்க' என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

அந்த 24 சதவீதத்தில் யார் மாட்டுவார்கள் என்பதுதான் முக்கியம். மாதவிடாய் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கும் எட்டாம் வகுப்பு மாணவி. பாலியல் தொந்தரவை யாரிடம் சொல்வது என்று தேடும் பிள்ளை. குழந்தைகள் உதவி எண் 1098 பற்றிய பக்கமும் போக்சோ சட்டம் பற்றிய விளக்கமும் எந்தச் சொல் ஃபில்டரிலும் எளிதில் சிக்கக்கூடியவை. அந்தப் பிள்ளை ஆசிரியரிடம் வந்து 'சார், இது ஓபன் ஆகல' என்று சொல்லாது. அமைதியாக எழுந்து போய்விடும். அதனால் இவற்றை யாரும் புகார் சொல்லும்வரை காத்திருக்காமல் பள்ளியே சோதித்து முன்கூட்டி அனுமதிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பள்ளி, நூலக ஃபில்டர் பற்றி 2000-ல் சட்டமே வந்தது. நூலகங்கள் தொடர்பான வழக்கில் 2003-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபோது, தவறாகத் தடுக்கப்பட்டால் வாசகர் நூலகரிடம் கேட்டுத் தடையை நீக்கிக்கொள்ளலாம் என்பதையும் குறிப்பிட்டது. பூட்டு இருக்கலாம், ஆனால் சாவியோடு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

பள்ளிகள் இப்போதே செய்யக்கூடியது

• லேப் சுவரில் ஒரு தாள் ஒட்டவும்: சைட் திறக்கவில்லை என்றால் யாரிடம் சொல்ல வேண்டும், என்னென்ன குறித்துக் கொடுக்க வேண்டும்.

• கட்டாயம் திறக்க வேண்டிய சைட்களின் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளவும்: எமிஸ், மணற்கேணி, தீக்‌ஷா, தமிழ் இணையக் கல்விக்கழகம், தேர்வு முடிவுகள், தேசிய ஸ்காலர்ஷிப் தளம், கல்லூரி விண்ணப்பத் தளங்கள், வானிலை ஆய்வு மையம், 1098. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவும்.

• கொடுத்த ஒவ்வொரு விதிவிலக்கையும், தேதி, காரணம், கேட்டவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதவும். நிர்வாகி மாறினாலும் அடுத்தவருக்குப் புரியும்.

• விண்ணப்பத்தின் கடைசி நாளில் சோதிக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் தேர்வில் தேர்வாகும் மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையில் உப்பளத்தில் வேலை நின்றுபோகும் வீட்டுக்கு அது பெரிய தொகை. ஒரு ஃபில்டரின் தவறான வரி அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

அடுத்த முறை லேப்பில் ஒரு பிள்ளை 'ஓபன் ஆகல' என்று சொன்னால், 'வேற சைட் பாரு' என்று சொல்லி அனுப்ப வேண்டாம். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்த்தால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.